சின்ன மேடை, தாழ்ந்த கூரை: நாடக விளக்கு தகராறு செய்தால் எங்கே பார்ப்பது?

மலேசியாவில், பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில் நாங்கள் நாடகம் போடும் மண்டபம் ஒரு காலத்தில் தோட்டத்துக்குச் சொந்தமாக இருந்தது. 60 நாற்காலி போட்டால் நிறைந்துவிடும். கூரை 10 அடி உயரம். முதல் வரிசைக்கும் நடிகருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. மேலே ஒரு இரும்புக் குழாயை வயர்மேன் அண்ணன் மாட்டித் தந்திருக்கிறார். கையில் இருப்பது 8 எல்இடி பார் (PAR) விளக்கு, 4 பழைய 500 வாட் ஹாலோஜன் விளக்கு, ஒரு சின்ன கண்ட்ரோலர், அப்புறம் பெரிய மைலோ டின்னில் நாங்களே செய்த விளக்கு இரண்டு. பணம் இருந்தால் ஈப்போவில் இருந்து இன்னும் நாலு வாடகைக்கு வரும்.

இந்த மாதிரி இடத்தில் வேலை செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எந்தச் சிக்கலோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் எங்கே போனாலும் முதல் வேலை ஒன்றுதான். எல்லா விளக்கையும் அணையுங்கள். மேடையில் ஒருவரை நிற்க வையுங்கள். ஒவ்வொரு விளக்காகப் போட்டு, பார்த்துவிட்டு, அணைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எது கெடுக்கிறது என்று அப்போதுதான் பிடிபடும். விளக்கு சரியில்லை என்றதும் இன்னொரு விளக்கைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுவது நம் ஆட்களின் வழக்கம். நானும் பல வருடம் அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தேன்.

“இவ்வளவு லைட் போட்டும் மூஞ்சி தெரியலை”

அதிகமாக வரும் புகார் இதுதான். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, நடிகரைப் பார்க்காமல், மேடையில் எது பளிச்சென்று இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் மண்டபத்தில் அது பின்சுவர். பாலாய் ராயாவோ (ஊர்ப் பொது மண்டபம்) தமிழ்ப்பள்ளி மண்டபமோ, சுவர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோதான் இருக்கும். முன்னால் இருந்து அடிக்கும் வெளிச்சம் நடிகரைத் தாண்டிச் சுவரில் விழுந்து திரும்பி வருகிறது. நம் ஆட்களின் மாநிறமும் கறுப்பும் அந்த வெள்ளைக்கு முன்னால் நிழலுருவம்போல ஆகிவிடும். கண் எப்போதும் அதிக வெளிச்சத்தைத்தான் தேடிப் போகும். முகத்துக்கு இன்னொரு விளக்கு போட்டால் சுவரும் சேர்ந்தே வெளுக்கும், பழையபடியே ஆகும்.

சரி, என்ன செய்வது? சுவரைக் கறுப்பாக்குங்கள். கறுப்புத் துணியில் மினுமினுப்பு இல்லாததாகப் பார்த்து வாங்கித் தொங்கவிடலாம். துணிக்கு வழி இல்லையென்றால் முன்விளக்கைக் கொஞ்சம் செங்குத்தாக்கி, வெளிச்சம் சுவரில் ஏறாமல் தரையில் விழும்படி செய்யுங்கள். பிறகு நடிகருக்குப் பின்னால் மேலே இருந்து ஒரு விளக்கு, தலையிலும் தோளிலும் மெல்லிய கோடு விழுகிற மாதிரி. இந்தப் பின்விளக்கு ஒன்று இருந்தால் முன்விளக்கைப் பாதிக்குக் குறைத்தாலும் ஆள் சுவரில் இருந்து பிரிந்து நிற்பார்.

இரண்டாவது சந்தேகம் பார்வையாளரின் கண்மேல். மண்டபத்து டியூப்லைட் வெளிச்சத்தில் அரை மணி நேரம் பேசிக்கொண்டு உட்கார்ந்தவருக்கு, அதைப் பட்டென்று அணைத்து மங்கலான முதல் காட்சியைக் காட்டினால் ஒன்றும் தெரியாது. இருட்டுக்குக் கண் ஓரளவு பழகச் சில நிமிடம் ஆகும், முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம். அதனால் நாங்கள் ஆட்கள் உள்ளே வரும்போதே டியூப்லைட் போடுவதில்லை. ஓரத்தில் இரண்டு மஞ்சள் பல்பு மட்டும். நாற்காலி தேடிக் கண்டுபிடிக்க அது போதும்.

கண் இருக்கும் இடத்தில் கறுப்புக் குழி

விளக்கு தலைக்கு நேர் மேலே வந்துவிட்டது. பத்தடிக் கூரையில் கணக்கு இப்படி: நிற்கிறவரின் கண் மட்டம் 5 அடி, விளக்கு 10 அடி, வித்தியாசம் 5. விளக்கை அவருக்கு 5 அடி முன்னால் மாட்டினால் 45 பாகை. 7 அடி முன்னால் மாட்டினால் ஏறக்குறைய 35. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் விளக்கமைப்பு கற்றுத்தந்த ஸ்டான்லி மெக்காண்டலெஸ் 1930களில் வகுத்த முறை இன்றும் ஓடுகிறது: மேடையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் இடமும் வலமும் 45 பாகையில் ஒவ்வொரு விளக்கு, ஒன்று இளஞ்சூட்டு நிறம், மற்றது குளிர்ந்த நிறம். பெரிய அரங்கில் இது பிரமாதமாக வரும். தாழ்ந்த கூரையில் 35க்கு இறங்கினால்தான் கண் தெரியும்.

உட்கார்ந்திருக்கும் காட்சியை மறக்காதீர்கள். நிற்கும்போது சரியாக இருந்த அதே ஆள் முக்காலியில் உட்கார்ந்தால் கண் மட்டம் 4 அடிக்கு வந்துவிடும், 5 அடி முன்னால் உள்ள விளக்கின் கோணம் 45இல் இருந்து 50 பாகையாகிவிடும், குழி திரும்ப வரும். எங்கள் நாடகங்களில் பாதிப்பேர் தரையில்தான் உட்காருவார்கள். அதற்குத்தான் மைலோ டின்: மேடை ஓரத்தில், தரையில் இருந்து ஒரு முழ உயரத்தில், பக்கவாட்டில் வைத்து மிக மங்கலாக விடுவோம். நேர் முன்னால் கீழே வைத்தால் பேய்ப்பட முகம் வந்துவிடும். பக்கவாட்டில் வைத்தால் அடுப்பு வெளிச்சம் மாதிரி இருக்கும்.

டின் விளக்கு செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே மினுமினுப்பில்லாத கறுப்பு பெயிண்ட் அடியுங்கள், அடிப்பக்கம் காற்றுத் துளை போடுங்கள், எல்இடி பல்பு மூச்சு முட்டினால் சீக்கிரம் செத்துப்போகும். டின் உலோகம் என்பதால் அதற்கு எர்த் வயர் கட்டாயம். அந்த இணைப்பை மட்டும் வயர்மேனிடம் கொடுங்கள். 36 பாகை விரியும் ஜியு10 பல்பு (முறுக்கி மாட்டும் சின்ன ஸ்பாட் பல்பு) போட்டால், 8 அடி தூரத்தில் 5 அடி அகல வட்டம் விழும். ஒரு ஆளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல.

பின்சுவரில் இன்னொரு நாடகம் நடக்கிறது

நிழல்தான். நடிகரைச் சுவரில் இருந்து முன்னால் இழுங்கள். 45 பாகை வெளிச்சத்தில் ஐந்தரை அடி ஆளின் நிழல் அவருக்குப் பின்னால் ஐந்தரை அடி தூரம் தரையில் நீளும். சுவர் அதற்கும் பின்னால் இருந்தால் தலை சுவரில் ஏறாது. 3 அடியில் இருந்தால் ஏறும். இடமே இல்லையென்றால் ஒரே ஒரு விளக்கை மட்டும் விட்டு மற்றதை அணையுங்கள். நாலு நிழல் கண்ணை உறுத்தும். ஒரு நிழல் காட்சியோடு சேர்ந்துவிடும்.

முகம் சாம்பல் பூத்தாற்போல இருக்கிறது

நிறக் கோளாறு. நம் ஊர்க் கடைகளில் ‘டேலைட்’ என்று விற்கும் பல்பு 6500 கெல்வின், நீலம் தூக்கலான வெள்ளை. வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும், பளிச்சென்று இருக்கும். மேடையில் அதுவே கறுத்த தோலில் உள்ள சிவப்பையும் பழுப்பையும் தின்றுவிடும். நாடகத்துக்கென்று வரும் ஹாலோஜன் பல்பு 3200 கெல்வின் அளவில், மஞ்சள் கலந்து எரியும். தோலுக்கு அதுதான் தோழன்.

வெள்ளை எல்இடி மட்டும்தான் இருக்கிறதென்றால் முன்னால் நிறத்தாள் ஒட்டுங்கள். லீ நிறுவனத்தின் 204ஆம் எண் தாள் 6500ஐ 3200க்குக் கொண்டுவரும். பாதி மாற்றம் போதுமென்றால் 205. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கலந்து வெள்ளையாக்கும் பார் விளக்கில் வேறு சிக்கல் உண்டு. அந்த வெள்ளை மூன்று குறுகிய நிறக்கற்றைகளால் ஆனது, நடுவில் பள்ளம். அரக்குப் புடவை ஒரு மாதிரி செத்துப்போகும், மஞ்சள் பூசிய கன்னம் பச்சையடிக்கும். நான் தொடங்கும் கலவை: சிவப்பு முழுவதும், பச்சை பாதிக்குச் சற்று மேல், நீலம் கால்வாசிக்கும் கீழே. அங்கிருந்து நடிகரின் முன்னங்கையைப் பார்த்துக்கொண்டே நகர்த்துவேன். முகத்தில் மேக்கப் இருக்கும், கை பொய் சொல்லாது. விளக்கில் ஆம்பர் (தேன் மஞ்சள்) சேனல் தனியாக இருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள், மற்றதெல்லாம் தாளிப்பு மாதிரி.

இன்னொன்று. விளக்கைக் குறை சொல்லுமுன் பவுடர் டப்பாவைப் பாருங்கள். மேடை ஏறுமுன் முகத்தில் வெள்ளைப் பவுடரை அப்பிக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதை எந்த நிறத்தாளும் காப்பாற்றாது.

விடியற்காலைக் காட்சி: நீலம் போட்டால் எல்லோரும் பிணம்போலத் தெரிகிறார்கள்

இது எங்களுக்கே நடந்தது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லயத்து வீட்டுச் சமையற்கட்டில் நடக்கும் இரண்டு பேர் நாடகம். அப்பா கித்தா (ரப்பர்) மரம் வெட்டப் புறப்படுகிறார், காலை 5 மணி. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் நாடகம் முழுவதும் அந்த இருட்டிலேயே நடக்கிறது. மகள் தேத்தண்ணி கலக்குகிறாள்.

முன்னால் இருந்த நாலு விளக்கையும் நீலமாக்கினோம். அப்பாவின் உதடு கறுப்பு, மகளின் கன்னம் ஈயம் பூசினாற்போல. எல்இடியின் தனி நீலத்தை முழுசாக விட்டதில் சமையற்கட்டு கல்யாண மண்டபமாகிவிட்டது.

முன்விளக்கு நாலையும் அணைத்தோம். நீலத்தை நடிகர்களுக்குப் பின்னால் கொண்டுபோய், ஜன்னல் இருக்கும் பக்கத்தில் இருந்து மட்டும், கொஞ்சம் வெள்ளை கலந்து, தாழ்வாக விட்டோம். தோளும் பானையின் விளிம்பும் மட்டும் நீலமாயின. முகத்துக்கு வேறு நியாயம் வேண்டும். அந்த வீட்டில் அந்த நேரத்தில் வெளிச்சம் எங்கிருந்து வரும்? அடுப்பில் இருந்து. மைலோ டின்னில் ஆம்பர் தாள் ஒட்டி அடுப்புக்குப் பின்னால் மறைத்தோம்.

அப்புறம் அப்பாவின் தலைவிளக்கு. கடையில் வாங்கிய எல்இடி தலைவிளக்கை அப்படியே மாட்டி ஒத்திகைக்கு வந்தார். அவர் திரும்பும்போதெல்லாம் முதல் வரிசை கையால் கண்ணை மறைத்தது. கண்ணாடிமேல் மூன்று மடிப்பு டிரேசிங் தாளும் ஒரு துண்டு ஆம்பர் தாளும் ஒட்டி, முனையைக் கீழே சாய்த்துக் கட்டினோம். வெளிச்சம் இரண்டு முழத்துக்கு மேல் போகாது. அதில் நாங்கள் நினைத்தே பார்க்காத ஒன்று கிடைத்தது. அப்பா திரும்பிப் பார்க்கும்போது மட்டும்தான் மகளின் முகம் தெரியும். கத்தியைத் தீட்டக் குனிந்தால் அவள் இருட்டில் போய்விடுவாள். இயக்குநர் அன்று ராத்திரியே வசனத்தில் பாதியை வெட்டிவிட்டார்.

அந்தக் காட்சியில் கடைசியில் எரிந்தது மூன்று வெளிச்சம்தான்.

விளக்கு துடிக்கிறது

முதலில் மேலே பாருங்கள். காற்றாடி ஓடுகிறதா? மூன்று இறக்கைக் காற்றாடி நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால், விளக்குக்கும் முகத்துக்கும் நடுவே வினாடிக்கு 10 தடவை இறக்கை குறுக்கே போகும். தலைவலிக்கு வேறென்ன வேண்டும்? நான் ஒருமுறை மாலை முழுவதும் டிம்மரை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன், நாற்காலி துடைக்க வந்த அக்கா மேலே கையைக் காட்டினார். விளக்கைக் காற்றாடி மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள், அல்லது மேடைப்பக்கக் காற்றாடியை மட்டும் நிறுத்திவிட்டு நடிகருக்கு ஓரத்தில் நின்றபடி வீசும் காற்றாடி வையுங்கள்.

காற்றாடி இல்லையென்றால் டிம்மர். பழைய டிம்மர் பெரிய சுமைக்காகச் செய்யப்பட்டது. 7 வாட் எல்இடி பல்பை அதில் மாட்டினால் துடிக்கும், அல்லது அணைத்தபிறகும் லேசாக எரிந்துகொண்டிருக்கும். ‘டிம்மபிள்’ என்று போட்ட பல்பு வாங்குங்கள். அப்படியும் துடித்தால் அதே லைனில் ஒரு பழைய 60 வாட் குண்டுபல்பைச் சேர்த்து, திரைக்குப் பின்னால் துணி எதுவும் படாத இடத்தில் எரியவிடுங்கள். டிம்மருக்குத் தேவையான சுமையை அது கொடுக்கும்.

கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, கைப்பேசி வீடியோவில் மட்டும் கோடு ஓடுகிறதென்றால் கேமராவில் ஷட்டரை 1/50 அல்லது 1/100க்கு மாற்றிப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

பார் விளக்குக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது

தானாக நிறம் மாறுகிறது, தவில் அடித்தால் சேர்ந்து ஆடுகிறது என்றால் அது ‘சவுண்ட்’ நிலையில் இருக்கிறது. பின்னால் உள்ள பொத்தானை அழுத்தி டிஎம்எக்ஸ் (கண்ட்ரோலர் விளக்குக்கு ஆணை அனுப்பும் முறை) முகவரி தெரியும் நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

சிவப்பைத் தூக்கினால் மின்னல் வெட்டுகிறது என்றால் சேனல் (நிறம், வெளிச்சம், மின்னல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப்பாட்டு வழி) எண்ணிக்கை பொருந்தவில்லை. விளக்கு 7 சேனல் நிலையில் இருக்கும், நீங்கள் 4 என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே நிலைக்கு மாற்றி, 7 சேனல் என்றால் முகவரி (ஒவ்வொரு விளக்கின் முதல் சேனல் எண்) 1, 8, 15, 22 என்று போங்கள். வாடகைக்கு வந்த விளக்கில் முன்னால் எடுத்தவர் வைத்த முகவரிதான் இருக்கும். வாங்கியதும் சரிபாருங்கள், திரை விலகும்போது வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனால் எப்போதாவது காரணமில்லாமல் ஒரு துள்ளல் துள்ளுகிறதா? கேபிள். மைக் கேபிளும் மூன்று முள்தான், டிஎம்எக்ஸ் கேபிளும் மூன்று முள்ளாக வருகிறது, அதனால் மைக் கேபிளையே போட்டு ஓட்டுகிறோம். குறைந்த தூரத்துக்கு ஓடும், நீளம் கூடினால் சிக்னல் கலங்கும். வரிசையின் கடைசி விளக்கில் முடிவுப் பிளக் போட்டால் பாதிக் கோளாறு போய்விடும். ஒரு ஆண் பிளக்கில் 2ஆம் முள்ளுக்கும் 3ஆம் முள்ளுக்கும் நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால் அதுதான் முடிவுப் பிளக். சில காசு விஷயம். இன்னும் துள்ளினால் கேபிளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், மொத்தமாக மாற்றினால் எது கெட்டது என்று கடைசிவரை தெரியாது.

நடுக் காட்சியில் மொத்தமும் போய்விட்டது

அவசரப்பட்டு சுவிட்சைத் தட்டிவிடாதீர்கள். எது விழுந்தது என்று பாருங்கள்.

பிளக்கில் உள்ள பியூஸோ, சுமை கூடினால் தானாக விழும் எம்சிபி சுவிட்சோ போயிருந்தால் சுமை அதிகம். 500 வாட் விளக்கு நாலு சேர்ந்தால் 2000 வாட், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக் அதைத் தாங்கும். இடைவேளைத் தேத்தண்ணிக்காக யாராவது அதே எக்ஸ்டென்ஷனில் 2000 வாட் கெத்தலை (தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில்) மாட்டினால் 17 தாண்டிவிடும். பயம் என்னவென்றால், அந்த அளவுக்கு பியூஸ் உடனே போகாது, வயர்தான் சூடாகிக்கொண்டே இருக்கும். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ரீலாக இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே உருகத் தொடங்கும். ரீலை முழுசாக விரித்துப் போடுங்கள். கெத்தலுக்கு வேறு சாக்கெட், அதுவும் வேறு லைனில். நாங்கள் மேடைச் சாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் சிவப்பு டேப்பால் ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருக்கிறோம். எழுதி ஒட்டியதை யாரும் படிக்கவில்லை.

மின்கசிவு கண்டால் தானாக விழும் இஎல்சிபி சுவிட்ச் விழுந்திருந்தால் சங்கதி வேறு. எங்கோ மின்சாரம் தரைக்குக் கசிகிறது. மழைக்காலத்தில் ஸ்டோரில் கிடந்த விளக்கில் ஈரம் ஏறியிருக்கலாம், வயர் தோல் உரிந்து குழாயில் பட்டிருக்கலாம். எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, ஒவ்வொன்றாக மாட்டி, எதில் விழுகிறதோ அதை மேடையை விட்டே வெளியே எடுத்துவிடுங்கள். நாடகம் ஒரு விளக்கு குறைவாக நடக்கட்டும். எர்த் வயரைக் கழற்றினால் விழாது என்று சொல்லிக்கொண்டு ஒருவர் எப்போதும் வருவார். அவரை ஏணிப் பக்கம் விடாதீர்கள்.

ஸ்பீக்கரில் ‘ங்’ என்று இரைச்சல்

டிம்மரை ஏற்றி இறக்கினால் இரைச்சலும் மாறுகிறதா? அப்படியென்றால் விளக்கு வயரும் ஒலி வயரும் ஒன்றாக ஓடுகின்றன. தனித்தனிச் சுவரோரமாகக் கொண்டுபோங்கள், குறுக்கிட வேண்டிய இடத்தில் கூட்டல் குறி மாதிரி குறுக்கிடட்டும்.

ஈசல்

மழை விட்ட சாயங்காலம் வரும். நீலமும் வெள்ளையும் அதை அதிகம் இழுக்கும். கதவுக்கு வெளியே தூரத்தில் ஒரு டேலைட் பல்பைப் போட்டு அங்கே திருப்பிவிடுங்கள், உள்ளே மஞ்சளில் காத்திருங்கள். முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியிருக்கிறோம், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இருட்டாக்கினால் இருட்டாகவில்லை

மதியம் 3 மணி ஒத்திகையில் விளக்கைப் பார்த்து முடிவு செய்தால் இதுதான் நடக்கும். பேராக்கில் ராத்திரி ஏழரைக்குக்கூட வானத்தில் வெளுப்பு மிச்சம் இருக்கும், மண்டபத்தில் கண்ணாடிப் பட்டை ஜன்னலும், காற்றுக்காக விட்ட ஓட்டைக் கல்லும் சுற்றிலும் உண்டு. விளக்கு ஒத்திகையை 8 மணிக்கு மேல் வையுங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். தெருவிளக்கு எந்த ஓட்டை வழியாக வருகிறது, கண்ட்ரோலரின் சின்ன விளக்கு யார் முகத்தில் விழுகிறது, எல்லாம் தன்னால் தெரியும். ஓட்டைக்குக் கறுப்புத் துணி, கண்ட்ரோலருக்கு அட்டைக் கூடாரம். ‘கெலுவார்’ (வெளியேறும் வழி) என்று பச்சையாக எரியும் வாசல் பலகையை மட்டும் மூடக்கூடாது. அது எரிந்தே தீர வேண்டும், அதையும் வெளிச்சக் கணக்கில் சேர்த்துக்கொண்டு மேடையின் முகத்தை வேறு பக்கம் திருப்புங்கள்.

இருட்டு சரியாக அமைந்ததும் அடுத்த புகார் நடிகரிடம் இருந்து வரும்: வெளியேறும் வழி தெரியவில்லை, முக்காலியில் இடித்துக்கொண்டேன் என்று. முக்காலியின் பின்கால் இரண்டிலும், படியின் ஓரத்திலும், இருட்டில் மினுங்கும் டேப்பை நகக்கண் அளவு வெட்டி ஒட்டுங்கள். காட்சி தொடங்குமுன் கைவிளக்கை அதன்மேல் ஒரு நிமிடம் பிடித்தால்தான் மினுங்கும். அந்த வேலையை யாராவது ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள்.